புளோக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பச்சை நீலக் குருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்புக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் ஒரு குருவி. பச்சை முதுகு, நீலச் சிறகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. "அக்கா, இது யார் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்தது?" என்பதுதான் முதல் கேள்வி. யார் வீட்டிலிருந்தும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் விஞ்ஞானி அல்ல. இருபது வருடமாக சிங்கப்பூரில் பறவை பார்த்துக்கொண்டிருப்பவள், அவ்வளவுதான்.

இது என்ன பறவை?

நீலச் சிறகு பிட்டா. வடக்கே தாய்லாந்து, மியன்மார், இந்தோசீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, தெற்கே மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ என்று வலசை வரும் காட்டுப் பறவை. இந்த வட்டாரத்தின் பறவைதான். நம் கண்ணில் படுவதுதான் அபூர்வம். அதன் வாழ்க்கை முழுக்கக் காட்டுத் தரையில், சருகுக்கு நடுவில். நாமோ பறவை என்றாலே அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள்.

தமிழில் இதற்குப் பெயர் உண்டா?

இதன் நெருங்கிய உறவுக்கு உண்டு. ஒரு நவம்பர் காலையில் எனக்கே அதை நினைவுபடுத்தியவர் எங்கள் புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஆறரை மணி இருக்கும். வேலைக்குக் கிளம்பி வந்தவளை நிறுத்தி, "அக்கா, இங்க வாங்க, நம்ம ஊரு ஆறுமணிக்குருவி இங்க வந்து உக்காந்திருக்கு" என்றார். துடைப்பத்தைக் குறுக்கே வைத்து யாரும் மிதித்துவிடாதபடி காவல் வேறு. தூணோரம் பார்த்தால் நீலச் சிறகு பிட்டா.

அவர் சொன்னது பெரிய தவறில்லை. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தில் வருவது இந்திய பிட்டா. காலை ஆறு மணிவாக்கிலும் மாலை ஆறு மணிவாக்கிலும் குரல் கொடுப்பதால் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இந்தியில் அதன் பெயர் நவ்ரங், ஒன்பது நிறம். இங்கே வருவது அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நீலச் சிறகு ஆறுமணிக்குருவி என்று யாராவது சொன்னால் நான் திருத்தமாட்டேன்.

இன்னொரு சங்கதி. 'பிட்டா' என்பதை ஏதோ லத்தீன் சொல் என்று நினைக்கிறோம். அது தெலுங்கு. தெலுங்கில் 'பிட்ட' என்றால் சின்னக் குருவி. 1816-இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ இந்தப் பேரினத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். நம் பக்கத்து வீட்டுச் சொல் ஐரோப்பா போய், அறிவியல் பெயராகி, சிங்கப்பூருக்கு வந்திருக்கிறது.

அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி 'மொலுக்கென்சிஸ்', அதாவது இந்தோனேசியாவின் மொலுக்கத் தீவுகளைச் சேர்ந்தது. 1776-இல் முல்லர் என்ற ஜெர்மானியர் சூட்டியது. மொலுக்கத் தீவுகள் இதன் ஊரே அல்ல என்பதுதான் வேடிக்கை. பெயர் வைப்பதில் முந்தியவருக்கே உரிமை என்பது விதி, அதனால் தவறான ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. மலாய்க்காரர்கள் இதைப் 'பூரோங் பாச்சாட்' என்பார்கள். பாச்சாட் என்றால் அட்டை, மழைக்காட்டில் காலில் ஏறுமே, அதே அட்டை. இவ்வளவு அழகான பறவைக்கு இப்படி ஒரு பெயர்.

எப்படி அடையாளம் காண்பது?

அன்று தூணோரம் இருந்ததை ஓர் அடி தூரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தலை கறுப்பு. கண்ணுக்கு மேலே அலகிலிருந்து பின்னங்கழுத்துவரை மங்கிய சந்தன நிறத்தில் ஓர் அகலப் பட்டை. தொண்டை வெள்ளை. மார்பும் வயிறும் வெளிர்ந்த மஞ்சள் பழுப்பு, பால் கூடுதலாக ஊற்றிய தேநீர் மாதிரி. முதுகு பாசிப்பச்சை. சிறகின் தோள்பகுதி மட்டும் பளீரென்ற நீலம். வெயில் பட்டால் மயில்கழுத்துப் பட்டுப்போல மின்னும். கீழ்வயிற்றிலிருந்து வாலடிவரை சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை, கத்தரித்துவிட்டது போல ஒரு துண்டு. கால்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத நீளம், வெளிர் ரோஜா நிறம்.

நீளம் 18 முதல் 20 சென்டிமீட்டர். நம் மைனாவைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் குண்டு. பறக்கும்போது சிறகில் பெரிய வெள்ளைத் திட்டுகள் பளிச்சிடும். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி.

எங்கள் வீட்டெதிர் மரத்தில் தினமும் மஞ்சள் பறவை வருகிறதே, அதுவா?

இல்லை. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கட்டிய மஞ்சள் பறவை மாங்குயில் வகை. வருடம் முழுக்க இங்கேயே இருக்கும், காலையில் புளோக்கையே எழுப்பும். அதேபோல், கால்வாய் ஓரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் நீலப் பறவை மீன்கொத்தி. பிட்டா கம்பியில் உட்காராது.

இதே மாதிரி வேறு பிட்டாக்கள் சிங்கப்பூரில் உண்டா?

இரண்டைச் சொல்ல வேண்டும். கறுந்தலை பிட்டா இன்னொரு வலசைப் பறவை. தலை முழுக்கக் கறுப்பு, உச்சியில் மட்டும் காவிப்பழுப்புத் தொப்பி, உடம்பு பெரும்பாலும் பச்சை. இதுவும் குளிர்காலத்தில் வந்து, இதே மாதிரி கண்ணாடியில் மோதி, இதே மாதிரி என் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும்.

மற்றொன்று சதுப்பு பிட்டா. இது வலசை வருவதில்லை, புலாவ் உபின் தீவின் சதுப்புநிலக் காடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பது. பார்த்தால் நீலச் சிறகு பிட்டாவின் நகல். ஆனால் அலகு கனத்தது, நீளமானது. நண்டு பிடிக்கிற அலகு. உபினில் சதுப்பு மரங்களின் வேருக்கிடையில் ஒரு பிட்டாவைப் பார்த்தீர்கள் என்றால் அலகைப் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

எப்போது வரும், எப்போது போகும்?

அக்டோபரில் தொடங்கி, நவம்பரில் உச்சம். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், தீபாவளி விளக்கு கட்டுகிற வாரங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வருகை. பங்குனி, சித்திரையில் திரும்பும் பயணம். பல பறவைகளுக்கு சிங்கப்பூர் ஒரு சத்திரம்தான், ஓரிரு நாள் தங்கி இளைப்பாறிவிட்டுக் கடலைத் தாண்டி சுமத்ரா பக்கம் போய்விடும். சில மட்டும் இங்கேயே ஏதாவது ஒரு காட்டுத் துண்டில் மாதக்கணக்கில் தங்கிவிடும்.

பாங்காக்கிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,400 கிலோமீட்டர். விமானத்தில் நமக்கு இரண்டரை மணி நேரம், அதற்கே கால் மரத்துப்போகிறது. இது உள்ளங்கையில் அடங்குகிற உருவம்.

இரவிலா பறக்கிறது? ஏன்?

ஆமாம், இரவில். சின்ன வலசைப் பறவைகள் பலவற்றுக்கும் இதுதான் வழக்கம். இரவுக் காற்று குளிர்ந்தும் அடங்கியும் இருக்கும், உடம்பு சூடேறாது, நீர்ச்சத்து வீணாகாது. வல்லூறு போன்ற பகல்வேட்டைப் பறவைகளின் தொல்லையும் குறைவு. அதைவிட முக்கியம், பகலில் சாப்பிட வேண்டும். பயணத்துக்குமுன் உடம்பில் சேர்த்த கொழுப்புதான் பெட்ரோல். அது தீரத்தீர இறங்கி நிரப்பிக்கொள்ள வெளிச்சம் வேண்டும்.

பிட்டாவைப் பகலில் பார்த்தவர்கள் நம்ப மறுப்பது இதைத்தான். தரையில் தத்தித் தத்திப் போகும், விரட்டினால் நாலடி பறந்து புதரில் ஒளிந்துகொள்ளும். இந்தச் சோம்பேறியா கடல் தாண்டுகிறது என்று தோன்றும். ராத்திரி வேறு ஆள்.

வழி எப்படித் தெரியும்?

பிட்டாவை வைத்துச் சோதனை செய்ததாக நான் படித்ததில்லை. மற்ற இரவுப் பயணிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள், அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லென் என்பவர், இண்டிகோ பன்டிங் என்ற நீலக் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோனார். புனல் வடிவில் ஒரு கூண்டு. அடியில் மை ஒற்றிய திண்டு, பக்கச் சுவரெல்லாம் மை ஒற்றும் வெள்ளைத் தாள். வலசைக் காலம் வந்தால் கூண்டுப் பறவைக்கும் இரவில் இருப்புக் கொள்ளாது, போக வேண்டிய திசையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும்போது மைக்கால் தடம் தாளில் விழும். காலையில் தாளைப் பிரித்தால் பறவை எந்தத் திசைக்குப் போக நினைத்தது என்று அதுவே எழுதி வைத்திருக்கும்! கோளரங்கத்தின் செயற்கை வானத்தைச் சுழற்றிப் பார்த்ததில், வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அதை வடக்காகக் குஞ்சிலேயே பறவை கற்றுக்கொள்கிறது என்று தெரிந்தது.

நட்சத்திரம் தவிர, பூமியின் காந்தப்புலத்தையும் பறவைகள் உணர்கின்றன என்பது வேறு சோதனைகளில் உறுதியானது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே ஒன்றேகால் பாகைதான். இங்கிருந்து துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கட்டடங்களுக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே இவ்வளவு தெற்கே வருகிற பறவைக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் போதாது.

இது பாடும் பறவையா?

கச்சிதமாகச் சொன்னால் இல்லை. சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிளையைப் பற்றி உட்காரும் கால் அமைப்புள்ள பறவைகள் எல்லாம் ஒரே பெருங்குடும்பம். உலகப் பறவைகளில் பாதிக்கு மேல் இதில் அடங்கும். காகம், மைனா, தையல்சிட்டு, பிட்டா எல்லாமே இதில்தான். ஆனால் உள்ளே இரண்டு பெரிய கிளை. ஒரு கிளைதான் உண்மையான பாடும் பறவைகள்: குஞ்சாக இருக்கும்போதே அப்பனைக் கேட்டுக் கேட்டுப் பாட்டைப் படிக்கும், சாதகம் செய்யும், சிக்கலான குரல்வளை உடையது. இன்னொரு கிளைக்குக் குரல்வளை எளியது, பாட்டு பொதுவாகப் பிறவியிலேயே வந்துவிடும். பிட்டா இந்த இரண்டாம் கிளை. குரு இல்லாமலே பாடகர்.

பாட்டும் அப்படியொன்றும் நீண்ட ஆலாபனை அல்ல. 'த்யூ-ல்யூ, த்யூ-ல்யூ' என்று இரட்டையாக ஒரு தெளிந்த சீட்டி. இனப்பெருக்க ஊரில் உரக்கக் கேட்கும். இங்கே வந்தால் பெரும்பாலும் வாயே திறக்காது.

என்ன சாப்பிடும்?

மண்புழு, பூச்சி, நத்தை. மழை பெய்து ஓய்ந்த காலையில் சருகை அலகால் புரட்டிப் புரட்டித் தேடும். ஒரு தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து ஒரு பார்வை, அப்புறம் ஒரே கொத்து. நத்தை கிடைத்தால் கல்லிலோ வேரிலோ அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும். ரொட்டி, சோறு, பழம் எதையும் தொடாது. எனவே வைக்காதீர்கள்.

அந்த நீலம் எப்படி வருகிறது? கையில் கிடைத்த இறகு திருப்பினால் மங்கலாகிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பறவைகளின் நீலம் பொதுவாகச் சாயம் அல்ல. இறகிழைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் அடுக்குமுறை நீல ஒளியை மட்டும் நம் பக்கம் திருப்பி அனுப்புகிறது. மருதாணி இலையை அரைத்தால் சிவக்கும், நீல இறகை அரைத்தால் நீலம் காணாமல் போகும். அடியில் இருக்கும் கரும்பழுப்புத் தூள்தான் மிஞ்சும். கைக்கு வந்த இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நீலம் அணைந்துவிடும்.

காட்டுப் பறவை ஏன் நம் புளோக்குக் கீழே வந்து விழுகிறது?

இரண்டு குற்றவாளிகள்: விளக்கும் கண்ணாடியும்.

இரவில் மேலே பறந்து வரும் பறவைக்குக் கீழே தெரிவது ஒரு வெளிச்சக் குளம். தெளிந்த இரவில் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடும். மேகம் தாழ்ந்து மழை தூறும் இரவில்தான் வினை. நட்சத்திரம் மறைந்துபோகும், பறவை தாழப் பறக்கும், மேகத்தில் நகரத்து வெளிச்சம் பட்டு எதிரொளிக்கும். வெளிச்சத்துக்கு இழுக்கப்பட்டுக் கட்டடங்களுக்கு நடுவே சுற்றிக் களைத்து இறங்கும், அல்லது மோதும். நம் வடகிழக்குப் பருவமழையும் வலசையும் கைகோத்துக்கொண்டு வருவது பாவம் அதன் தலையெழுத்து.

விடிந்தபிறகு கண்ணாடியின் முறை. களைத்து இறங்கிய பறவை மரம் தேடும். எதிரே கண்ணாடியில் மரம் தெரியும், வானமும் தெரியும். கண்ணாடி என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிட்டா தாழ்வாக, நேராக, வேகமாகப் பறக்கும் பறவை. சிங்கப்பூரில் மோதி விழும் வலசைப் பறவைகளின் பதிவுகளில் நீலச் சிறகு பிட்டா முன்வரிசையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கூண்டுப் பறவை என்று மக்கள் நினைப்பதும் இதனால்தான். மயங்கி உட்கார்ந்திருப்பதை 'பழகின பறவை, ஆளைக் கண்டு பயப்படவில்லை' என்று எண்ணிவிடுகிறார்கள். அது பயப்படாமல் இல்லை. எழ முடியவில்லை.

கண்டால் என்ன செய்ய வேண்டும்?

காலணிப் பெட்டி ஒன்று எடுங்கள். மூடியில் நாலைந்து துளை, அடியில் டிஷ்யூ தாள் அல்லது பழைய துணி. மெல்லிய துண்டால் பறவையைப் போர்த்தி, சிறகு மடிந்தபடியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. அப்புறம் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாததுதான் அதிகம்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது பாட்டி கரண்டியோடு வந்துவிடுகிறார். மயங்கிய பறவைக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறு வேண்டாம். பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்க்க வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டாம்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து உள்ளே படபடவென்று சத்தம் கேட்டால் நல்ல அறிகுறி. பெட்டியை மரம், புதர் அடர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடிக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, பகல் வெளிச்சத்தில் திறந்துவிடுங்கள். தூக்கிப் போடாதீர்கள், அதுவாக வெளியே வரட்டும். சிறகு தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, இரண்டு மணி நேரமாகியும் தலை நிற்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. ஏக்கர்ஸ் என்ற விலங்கு நல அமைப்பும் காட்டுயிர் மீட்பில் பல ஆண்டு அனுபவம் உள்ளது.

அழகாக இருக்கிறது. குணமானதும் நாங்களே வளர்க்கலாமா?

கூடாது. சட்டப்படியும் கூடாது, பறவைக்கும் ஆகாது.

இறந்து கிடந்தால்?

படம் எடுங்கள், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டடத்தில், எந்தப் பக்கம், எந்த மாதத்தில் மோதுகின்றன என்பதெல்லாம் இப்படிச் சேர்ந்த தகவலில்தான் தெரியவந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இப்படிப்பட்ட பறவைகளைப் பாடம் செய்து ஆராய்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள். குப்பைத்தொட்டிக்குப் போவதைவிட அது மேல். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுச் சன்னலில் மோதாமல் இருக்க என்ன செய்யலாம்?

கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் புள்ளியோ கோடோ ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று விரல்கடை, சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளி. அதற்கு மேல் விட்டால் பறவை அந்த இடைவெளிக்குள் புகுந்து போய்விடலாம் என்று நினைத்துக்கொள்ளும். கடையில் விற்கும் ஒற்றைக் கழுகு ஸ்டிக்கர் பயன்படாது. கழுகை விட்டு விலகி இரண்டடி தள்ளி மோதும், அவ்வளவே வித்தியாசம். காசு செலவழிக்க மனமில்லை என்றால், எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்: தண்ணீரில் கரையும் வெள்ளை மார்க்கரால் என் மகள் சன்னல் முழுக்கப் புள்ளிக்கோலம் போட்டாள். புள்ளி நெருக்கமாக இருந்தது, இழை நெளிந்திருந்தது. இழை எப்படி இருந்தால் பறவைக்கு என்ன?

அக்டோபர், நவம்பர் இரவுகளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது அதைவிட எளிது. அலுவலகக் கோபுரங்களில் ஆளே இல்லாத மாடிகள் விடியும்வரை எரிந்துகொண்டிருப்பதுதான் பெரிய சிக்கல். அதை என் மகளின் மார்க்கரால் தீர்க்க முடியாது. பறவைக்கு ஆபத்தில்லாத கட்டடம் எப்படி அமைப்பது என்று தேசியப் பூங்காக் கழகம் வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. கட்டட மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் அதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசலாம்.

அடிபடாத பிட்டாவை எங்கே போய்ப் பார்க்கலாம்?

பூமலை. தாவரவியல் பூங்காவுக்கு நம் ஆட்கள் வைத்த இந்தப் பெயரை விட எனக்கு மனம் வருவதில்லை. அங்கே மழைக்காட்டுப் பகுதியில் காலை ஏழு மணிக்குமுன் போய், நடைபாதையில் ஒரே இடத்தில் நின்றுகொள்ளுங்கள். நடந்து தேடினால் கிடைக்காது. நின்றால், சருகு புரளும் சத்தம் காதில் விழும். பாதி நேரம் அது அணில், கால்வாசி நேரம் கோழி. மீதிக்குப் பொறுமை வேண்டும். புக்கிட் தீமா, மெக்ரிச்சி காட்டோரங்களிலும் வாய்ப்பு உண்டு.

பத்து வருடத்துக்கு முன்பென்றால் பிடாடாரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். உட்லி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய இடுகாடு அது. கிறிஸ்துவர், முஸ்லிம், இந்து எல்லாருக்கும் தனித்தனிப் பகுதி இருந்தது. 1972-இல் மூடப்பட்டு, 2000களில் சமாதிகளைத் தோண்டி எடுத்தபின் பெருமரங்கள் மட்டும் நின்றன. ஆளரவம் இல்லை, நிழல் உண்டு, பூச்சிகள் உண்டு. வலசைப் பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்? பிட்டா, ஈப்பிடிப்பான், குயில் வகைகள் என்று வந்து இறங்கும். இப்போது அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள். நடுவில் ஒரு பூங்காவும் பழைய பெயரில் அல்காஃப் ஏரியும் இருக்கின்றன. வீடு வேண்டும்தான், எனக்குத் தெரிந்த இரண்டு இளம் குடும்பங்கள் அங்கே சாவி வாங்கியிருக்கின்றன, அவர்கள் மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் அந்தப் பக்கம் பேருந்தில் போனால் நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

படம் எடுக்கப் போகிறேன். ஏதாவது யோசனை?

ஒரு பிட்டா வந்திருக்கிறது என்று செய்தி பரவினால் அடுத்த நாள் காலை பீரங்கி மாதிரி லென்ஸோடு முப்பது பேர் நிற்பார்கள். அதில் ஓர் அங்கிள் டப்பாவிலிருந்து புழு எடுத்து வீசுவார், இன்னொருவர் கைப்பேசியில் குரலை ஒலிக்கவிடுவார். படம் நன்றாகத்தான் வரும். காட்டுயிர்களுக்கு அனுமதியில்லாமல் உணவிடுவது இங்கே குற்றம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பயணத்துக்கு நடுவில் இளைப்பாற இறங்கிய பறவையை நாளெல்லாம் போலிக் குரலுக்கு ஓடவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஃபிளாஷ் வேண்டாம். தூரத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் பிட்டா அருகே வரும், இது என் அனுபவம்.

இங்கே கூடு கட்டுமா?

நீங்கள் பார்ப்பது விருந்தாளியை. கூடு, குஞ்சு எல்லாம் வடக்கே, மழை பிடிக்கும் மாதங்களில். தரையிலோ தரையை ஒட்டிய வேரடியிலோ சுள்ளி, வேர், இலை சேர்த்துக் குடிசைபோல் கவிழ்த்த கூடு, பக்கவாட்டில் வாசல். அடைகாப்பதில் இரண்டு பேருக்கும் பங்கு.

அழிந்துவரும் இனமா?

உலக அளவில் இப்போதைக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உபினில் வாழும் சதுப்பு பிட்டா அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் இருக்கிறது, அதன் வீடு சதுப்புநிலக் காடு என்பதால்.

அந்தத் தம்பி காவல் காத்த குருவி என்ன ஆனது?

இதை நிறையப் பேர் கேட்கிறீர்கள். அன்று வேலைக்கு அரைநாள் விடுப்பு சொன்னேன். தம்பி குப்பை அறையிலிருந்து ஒரு காலணிப் பெட்டி கொண்டுவந்தார், துளை போட்டது அவர் சாவிக்கொத்து. ஒன்றரை மணி நேரம் என் வீட்டுக் குளியலறையில் இருட்டில் இருந்தது. எட்டரைக்கு உள்ளே கால் பிறாண்டும் சத்தம். புளோக்குக்குப் பின்னால் இருக்கும் கால்வாயோரப் புதருக்குக் கொண்டுபோனோம். மூடியைத் திறந்ததும் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் ஒரே தத்து, நீலம் ஒருமுறை பளிச்சென்றது, புதருக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் டிஷ்யூ தாளில் கொஞ்சம் எச்சமும் ஒரு சின்ன இறகும் இருந்தன. "ஆறு மணிக்குக் கூப்பிடுதான்னு பாக்கறேன் அக்கா" என்றார் தம்பி. மறுநாள் விசாரித்தேன். கூப்பிடவில்லையாம்.